தெரியாது என்று சொன்ன லாரிக்காரர்

மருதப்பனுக்குப் பணிந்து பேச வராது. சிராங்கூன் ரோட்டில் மாட்டு வண்டி ஓட்டிய காலத்தில், வழிவிடச் சொன்ன போலீஸ்காரரிடம், "எனக்கு அவசரந்தான், மாட்டுக்கிட்டச் சொல்லிப் பாருங்க" என்றவர். முதல் உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் ஜோடி மாட்டையும் வண்டியையும் விற்றுவிட்டு, நான் கிராணியாக எழுத்து வேலை பார்த்த ரப்பர் கம்பெனியில் லாரி ஓட்டச் சேர்ந்தார். வண்டிப்பேட்டையே சிரித்தது.

"இரும்பு மாட்டுக்கு எந்தப் பக்கம்டா வாலு?"

"வாலும் இல்ல, சாணியும் இல்ல. வயிறு எரியுதா?"

செம்பவாங் தோட்டத்து ரப்பரைத் தஞ்சோங் பகார் கிடங்கில் இறக்கும் வேலை. புதிய டிரைவர் எதையாவது இடித்தால் அன்றோடு சரி, வீட்டுக்குப் போகவேண்டும். அப்படி மூன்று பேர் போய்விட்டார்கள். மூவரும் வண்டிப்பேட்டை ஆட்கள்.

நான்காவது மருதப்பன். கிடங்குக்குள் லாரியைப் பின்னால் எடுத்தபோது அவர் முன்னால்தான் பார்த்துக்கொண்டிருந்தார். லாரி வேகமெடுத்ததும் "ஹோ! ஹோ!" என்று கத்தியபடி, மூக்கணாங்கயிற்றை இழுப்பதுபோல ஸ்டியரிங்கை நெஞ்சோடு சேர்த்து இழுத்தார். தூண் சாய்ந்தது. தகரக் கூரை ரப்பர் கட்டுகள்மேல் விழுந்தது. நல்லவேளை, ஆளுக்கு அடியில்லை.

கம்பெனியின் வெள்ளைக்காரத் துரை அவரை வேலையை விட்டு நிறுத்தினார். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். துரைக்குக் கோபம் வந்தால் மொழிபெயர்த்தவனும் சேர்ந்து போகவேண்டியதுதான்.

"கிராணி ஐயா, அப்படியே சொல்லுங்க" என்றார் மருதப்பன். "மாட்டு வண்டியை நாங்க சுத்தித்தான் திருப்புவோம். பின்னால ஓட்டினதே இல்ல. நாலு பேரும் பின்னால போறப்பதான் இடிச்சோம். நேரா ஓட்ட மட்டும் சொல்லிக்குடுத்துட்டு அனுப்பினது உங்க ஆளு. தப்பு யாருது?"

'மன்னிப்புக் கேட்கிறான்' என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

மருதப்பன் துரையை உற்றுப் பார்த்தார். "மூஞ்சி சிவக்கலையே! நான் சொன்னதை நீங்க சொல்லல."

வேறு வழியில்லாமல் சொன்னேன். துரையின் முகம் சிவந்தது. பக்கத்தில் நின்ற தலைமை டிரைவர் நெய்னா முகம்மதுவுக்கும்தான். ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

"டேய், வாய் நீளுதே! அந்த ரெண்டு தூணுக்கு நடுவில இப்பப் பின்னால எடு பாப்போம். எடுத்துட்டா வேலை உனக்கு" என்றார் நெய்னா முகம்மது.

நான் ஆங்கிலத்தில் சொன்னதும் துரையும் தலையாட்டினார். மாடும் இல்லை, வண்டியும் இல்லை. இந்த வேலை போனால் மருதப்பன் மூட்டை தூக்கத்தான் போகவேண்டும். லாரியில் ஏறிவிடுவார் என்றே நினைத்தேன்.

"எடுக்க மாட்டேன் பாய். எனக்குத் தெரியாது. தெரியாததைச் செஞ்சுதான் ஒரு தூணு விழுந்துச்சு. இன்னொண்ணும் விழணுமா? கத்துக்குடுங்க. அப்புறம் இடிச்சா நானே போயிடுறேன்."

துரை கதவைக் காட்டினார்.

மறுநாள் காலையில் மருதப்பன் கம்பெனி வாசலில் நின்றார். வேலை கேட்டு வந்த வண்டிக்காரர்களை மறித்து, "பின்னால எடுக்கக் கத்துக்குடுப்பீங்களான்னு கேட்டுட்டு உள்ள போ" என்றார். கேட்டார்கள். நெய்னா முகம்மது முறைத்தார். ஒருவரும் சேரவில்லை. செம்பவாங்கில் ரப்பர் தேங்கியது. துறைமுகத்தில் கப்பல் காத்திருந்தது.

துரை என்னை வாசலுக்கு அனுப்பினார். கற்றுக்கொடுக்கிறோம், மருதப்பன் மட்டும் வரலாம் என்றார்.

"மத்த மூணு பேரு?" என்றார் மருதப்பன்.

"ஏம்ப்பா, கிடைச்சதைப் பிடிச்சுக்கக் கூடாதா?" என்று கெஞ்சினேன்.

"அவங்களும் கத்துக்குடுக்காமதான் இடிச்சாங்க. நாலு பேரும் வந்தா நான் வர்றேன். இல்லன்னா இங்கயே நிக்கிறேன், நிழலு நல்லாத்தான் இருக்கு."

இந்த முறை ஒரு சொல் குறைக்காமல் துரையிடம் சொல்லிவிட்டு, என் மேசையைக் காலி செய்யத் தொடங்கினேன். துரை ஜன்னல் வழியே வாசலைப் பார்த்தார். பிறகு நால்வரையும் வரச்சொன்னார்.

குதிரைப் பந்தயத் திடலுக்குப் பக்கத்து வெளியில் மூங்கில் நட்டுப் பாடம் நடந்தது. வண்டிப்பேட்டை முழுவதும் வேடிக்கை பார்க்க வந்திருந்தது. மருதப்பன் மூங்கில்களுக்கு நடுவே பாதி தூரம் பின்னால் வந்து, லாரியை நிறுத்தி இறங்கினார். பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தார்.

"டேய், நான்தான் வா வாங்கிறேனே!" என்றார் நெய்னா முகம்மது.

"உங்க கண்ணு உங்களுக்கு பாய். இடிச்சா வீட்டுக்குப் போறது நான்."

காரிலிருந்து துரை, ஏன் நேரம் கடத்துகிறான் என்று என்னைக் கேட்டார். மருதப்பனிடம் சொன்னேன்.

"பாத்துட்டுத்தான் எடுப்பேன். துரையைக் காத்திருக்கச் சொல்லுங்க."

சொன்னேன். துரை காத்திருந்தார்.