சீனியின் நோன்பும் அம்பாறைப் பயணமும்

போன மாதம் கல்முனையிலிருந்து அம்பாறைக்குப் போய் வந்தோம். ஊர் பார்க்க அல்ல. எங்கள் வீட்டுப் பூனை சீனிக்குக் கர்ப்பப்பையில் சீழ் கட்டிவிட்டது. வயிற்றைத் திறந்து அதை எடுக்காவிட்டால் பிழைக்காது என்று ஸ்கேன் பார்த்த அம்பாறை மிருக வைத்தியர் சொல்லியிருந்தார். நம் பக்கத்திலிருந்து இப்படிப் பூனையைத் தூக்கிக்கொண்டு ஓடப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வைத்தியர் சிங்களவர், தமிழ் கொஞ்சம் கதைப்பார். போவதற்கு முதல்நாள் தொலைபேசியில், "இரவிலேருந்து சாப்பாடு வேணாம், நோன்பு மாதிரி" என்றார். முஸ்லிம்களான நமக்கு விளங்கட்டும் என்று நம்முடைய சொல்லையே தேடி எடுத்திருக்கிறார், பாவம். நானும் வாப்பாவிடம், "சீனிக்கு நாளைக்கு நோன்பு" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலை ஏழு மணிக்கு ஓட்டோ. பிளாஸ்டிக் கூடையில் உம்மாவின் பழைய சேலையை விரித்து, மேலே மெல்லிய துணி போட்டோம். இருட்டாக இருந்தால் பூனை பயப்படுவது குறையும். காற்றுப் போக ஒரு பக்கம் திறந்து விடுங்கள். காரைதீவில் திரும்பி, சம்மாந்துறை வழியாக ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்.

சம்மாந்துறையில் நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரத்துக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தபோது சீனி கத்தத் தொடங்கினாள்.

"பசிக்குது போல" என்றார் ஓட்டோக்காரர்.

"அவக்கென்ன பசி? சுபஹுத் தொழுகைக்கு முன்ன நானே எழுப்பி, சோறும் கீரிமீனும் குடுத்தன்" என்றார் வாப்பா, பெருமையாக.

எனக்கு உயிரே போய்விட்டது. "வாப்பா! ஒண்டும் குடுக்கப்படா!"

"நோன்பெண்டுதானகா சொன்னாய்? விடியமுன்ன சஹர் சாப்பாடு இல்லாம நோன்பு புடிக்கிறயா?"

வயிற்றில் சாப்பாடு இருக்கும்போது மயக்க மருந்து கொடுத்தால், வாந்தி வந்து சுவாசப்பைக்குள் போய்விடலாம். விஷயத்தைக் கேட்ட வைத்தியர் முதலில் சிரித்தார், "என்ட வார்த்தைதான் பிழை" என்றார். பிறகு முகம் மாறியது. "இப்ப வெட்ட ஏலாது. கன நேரம் வச்சிருக்கவும் ஏலாது." மத்தியானம்வரை சேலைன் ஏற்றிக் காத்திருக்க முடிவானது.

நான் வாங்கி வந்த சோற்றுப் பார்சலை வாப்பா பிரிக்கவேயில்லை. "என்ட கையாலதானே குடுத்தன்" என்று மட்டும் சொன்னார். திட்டுவதற்கென்று சேர்த்து வைத்திருந்த எதுவும் அதன்பிறகு என் வாயில் வரவில்லை. அவரை விட நான்தான் பயந்துபோயிருந்தேன்.

பின்னேரம் வெட்டி முடித்துச் சீனியை வெளியே கொண்டுவந்தபோது கண் திறந்தபடி அசையாமல் கிடந்தாள். வாப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். "பயப்படாதீங்க, மயக்கத்தில பூனை கண் மூடாது" என்றார் வைத்தியர். சூடு குறையாமல் துணியால் சுற்றி, முகத்தை மட்டும் திறந்து வைக்கச் சொன்னார். தள்ளாடாமல் நடக்கும்வரை சாப்பாடு கூடாது. இந்த முறை வாப்பாவையே பார்த்து, "நோன்பு இல்ல, சாப்பாடு ஒண்டுமே இல்ல" என்று இரண்டு தரம் சொன்னார்.

போகிறவர்கள் ஓட்டோவைக் காத்திருப்போடு சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள். வைத்தியர் சொன்னதை வீட்டில் எல்லோருக்கும் முழுதாகச் சொல்லுங்கள். முடிந்தால் இரண்டு பேராகப் போங்கள். வரும்போது பை, மருந்து, வழி எல்லாம் நான் பார்த்தேன். வாப்பா கூடைக்குள் ஒரு கையை வைத்திருந்தார். சீனி அதன்மேல் தாடையை வைத்துத் தூங்கினாள். கை விறைத்துவிட்டது என்றார். எடுங்களேன் என்றேன்.

"எடுத்தா முழிச்சிருவா" என்றார்.