வைக்கோல் தின்னாத முயல்

நான் பெரியபிள்ளையானதற்கு மாமா கொண்டுவந்த பரிசு ஒரு முயல். மற்றப் பிள்ளைகளுக்கு மாமன்மார் சங்கிலி கொண்டுவருவார்கள், சேலை கொண்டுவருவார்கள். அம்மாவின் தம்பியோ யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில், மடியில் ஓலைப்பெட்டியும் அதற்குள் ஒரு வெள்ளை முயலுமாக வந்து இறங்கினார். "தனிய இருக்கிறவளுக்குத் துணையா இருக்கும்" என்றார். அப்பா அதைக் காதில் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நல்ல எடை" என்று மட்டும் சொன்னார். முயலைக் கறிச்சட்டியில் மட்டுமே கண்ட மனிதருக்கு வேறென்ன சொல்லத் தோன்றும்?

அக்கராயனில் எங்களுக்குக் காணி கிடைத்து, பிறந்த ஊரை விட்டு வந்து அப்போது அதிக காலம் ஆகவில்லை. வீட்டைச் சுற்றி வேலி. வேலிக்கு அப்பால் வாய்க்கால், அதற்கு அப்பால் வயல், அதற்கும் அப்பால் காடு. அதுவரை நான் வாய்க்கால் கரையால் நடந்து பள்ளிக்கூடம் போய் வந்தவள். சடங்கு முடிந்த கையோடு அப்பா, "படிச்சது காணும்" என்று சொல்லிவிட்டார். நான் அழுதேன். வயிற்றுவலியாக்கும் என்று அம்மா இன்னொரு கரண்டி நல்லெண்ணெய் பருக்கினார்.

சமைக்கிற குசினியோடு ஒட்டிச் சாய்ப்பாக இறக்கியிருந்த பத்திதான் என் இடம். முயலின் இடமும் அதுதான். தேயிலைப் பெட்டி ஒன்றைப் பக்கவாட்டில் சரித்து, முன்னால் கம்பிவலை அடித்து, உள்ளே வைக்கோல் போட்டு அதை விட்டிருந்தோம். அது வைக்கோலை நறுக் நறுக்கென்று கடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தப் பகல்களில் என்னோடு இருந்த ஒரே சத்தம் அதுதான். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வேலியோரமாகக் கத்திக்கொண்டு போகும் நேரம் மட்டும் நான் இரண்டு காதையும் பொத்திக்கொள்வேன். அவ்வளவு எரிச்சல் எனக்கு.

பிறகு முயலின் அந்த நறுக் சத்தம் குறைந்தது. முயல் வைக்கோலை முகர்ந்து பார்க்கும், முகத்தைத் திருப்பும், மூலையில் போய்க் குந்தும். புழுக்கை மிளகளவுக்குச் சிறுத்துவிட்டது. அம்மா கண்ணூறு என்றார். உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து அதன் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டார். எங்கள் எல்லோருக்கும் இருமல் வந்தது, முயலுக்குப் பசி வரவில்லை.

அப்பாவின் வைத்தியம் வேறு. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் கிட்டிக்கொண்டிருந்தது. அதற்கு முன் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சமெல்லாம் நிறுத்துவோம், சட்டி பானையெல்லாம் கழுவி மரக்கறிச் சமையல்தான். "மச்சம் விட முதல் பார்ப்பம். தின்னாட்டிச் சட்டிக்குத்தான். மெலிஞ்சு செத்தா ஆருக்கு லாபம்?" என்றார். அவர் பகிடி விடவில்லை. அந்த வீட்டில் அவர் சொன்னதை மாற்றிச் சொல்ல ஆளும் இல்லை.

அன்றைக்குப் பின்னேரம் நான் பாயில் கண்ணை மூடிக் கிடந்தேன். நித்திரை என்று நினைத்து அம்மா பூனை மாதிரி வந்தார். கையில் நான் மிச்சம் விட்ட உழுத்தங்களி. உழுந்தும் பனங்கட்டியும் நல்லெண்ணெயும் போட்டுக் கிண்டி, சடங்கு முடிந்த பிறகும் எனக்கு நாள்தோறும் ஊட்டிக்கொண்டிருந்த அதே களி. அதைக் குட்டி உருண்டையாக உருட்டி முயலின் வாயருகே நீட்டினார். "ஆக்காட்டு மோளே, நல்ல பிள்ளையெல்லே" என்று கொஞ்சலும் வேறு. என்னோடு அப்படிக் கதைத்து எவ்வளவு காலம்!

நான் எழும்பி உட்கார்ந்துவிட்டேன். "அம்மா, என்ன செய்யிறீங்கள்?"

அம்மா கொஞ்சமும் கூசவில்லை. "அதுவும் பெட்டைதானே பிள்ளை. நாளைக்குக் குட்டி போடோணும். இடுப்புக்குப் பெலன் வேண்டாமே? பச்சை முட்டையும் வச்சுப் பாத்தனான், அதுதான் குடிக்கேல்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கத் தொடங்கி அழுகையில் முடிந்தது. முயல் வளர்ப்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் களி தின்றால் அந்த நாள் முழுக்க எனக்குச் சோறு இறங்காது என்பது தெரியும். எனக்கே இறங்காவிட்டால் அந்தக் கைப்பிடி வயிற்றுக்கு வைக்கோல் எப்படி இறங்கும்? "இனிக் குடுக்காதேங்கோ அம்மா, அது செத்துப்போடும்" என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன். அம்மா களியை வழித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டு, வெறும் கிண்ணத்தோடு போனார். ஊரில் அவருக்கு அக்கா தங்கைமார், கிணற்றடிக் கதை, கோயில் என்று எல்லாம் இருந்தன. இங்கே கதைக்க ஒரு முயல்தான் வாய்த்திருந்தது. அதையும் நான் பறித்துவிட்டேன் என்று அப்போது உறைக்கவில்லை.

களியை நிறுத்தியும் முயல் வைக்கோலைத் தொடவில்லை. இனிப்புக் கண்ட வாய். பச்சைப் புல் கொடுத்தால் பசி திரும்பும் என்று எனக்குப் பட்டது. ஆனால் வெயிலில் வளவுக்குள் ஒரு பச்சை இல்லை. சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்திருந்ததால் வாய்க்கால் கரையில் மட்டும் அறுகம்புல் தழைத்து நின்றது. வேலியில் ஓலைக் கிடுகு உக்கி விழுந்து திறந்த ஒரு பொட்டு இருந்தது. அதற்குள் கையை விட்டு எட்டின புல்லையெல்லாம் பிடுங்கினேன். தோள்வரை கீறிக்கொண்டும் கிடைத்தது ஒரு பிடி. முயல் அதை முகர்ந்தது, ஒரு தாளை இழுத்தது, பிறகு முழுவதையும் தின்று முடித்தது. கை எட்டும் தூரத்துப் புல் அதோடு தீர்ந்தும்விட்டது.

"அம்மா, வாய்க்காலடிக்குப் போட்டு வாறன்."

"வெளியில போனா சனம் என்ன கதைக்கும்?"

"எந்தச் சனம் அம்மா? குரங்கோ?"

அம்மா முறைத்தார். அடி விழும் என்று நினைத்தேன். அவர் பெட்டியைப் பார்த்தார், சட்டி இருந்த பக்கம் பார்த்தார், பிறகு நிபந்தனைகள் வந்தன. மத்தியானம் ஆம்பிளையள் சாப்பிட்டுப் படுக்கிற நேரம் மட்டும். தாவணியால் தலையை மூட வேண்டும். வாய்க்கால் வளைவைத் தாண்டக் கூடாது. தான் வேலிப் படலையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அப்பாவுக்குப் புல் வந்த விதம் தெரிய வேண்டியதில்லை.

படலையைத் தாண்டியதும் முன்பின் காணாத இடம் போல ஒவ்வோர் அடியாக வைத்து நடந்தேன். நேற்றுவரை ஓடித் திரிந்த கரை அது. புல்லை ஒவ்வொரு தாளாக அரிந்தேன். அவசரப்பட என்ன இருக்கிறது? ஓடும் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு, அரிந்ததைக் கழுவுகிற சாட்டில், அம்மா கூப்பிடும்வரை நின்றேன்.

புல்லை அப்படியே போடாமல் வைக்கோலுக்குள் ஒளித்துவைத்தேன். தேடும்போது வைக்கோலும் வாயில் பட வேண்டும் அல்லவா? பிறகு புல்லைக் கூரையில் காயவைத்துக் கலந்தேன். புழுக்கை பெருத்தது. என் காலடிச் சத்தம் கேட்டால் கம்பிவலைக்கு ஓடிவரத் தொடங்கியது. இனிச் சட்டிக்குப் போகாது என்று தெரிந்ததும் அதன் காதோடு முகத்தை வைத்து அழுதேன்.

ஒருநாள் விடிய அந்தச் சத்தம் கேட்டது. நறுக் நறுக். புல் ஒரு தாள்கூட மிச்சமில்லை, வெறும் வைக்கோலைத்தான் தின்றுகொண்டிருந்தது. பெட்டியின் அடிப்பலகை தெரிந்தது. சந்தோஷப்பட வேண்டியவள் நான். ஆனால் வைக்கோல் தின்கிற முயலுக்கு வாய்க்கால் புல் எதற்கு? "நாசமாப் போன முயல்" என்று வாய்விட்டே ஏசினேன். இன்னும் கொஞ்ச நாள் நோயாளியாக இருந்திருந்தால் அதற்கு என்ன குறைந்துவிடும்? வைக்கோற்போரிலிருந்து ஒரு கை இழுத்து வந்து, தின்னாதது போலத் திணித்துக்கொண்டிருந்தபோது, பின்னால் அம்மா விளக்குமாற்றோடு நின்றார். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து முயல் வாயோரம் வைக்கோல் தொங்கத் தொங்க மென்றது.

வயலுக்குப் புறப்பட்ட அப்பா சைக்கிளைப் பிடித்தபடி முற்றத்திலிருந்து கேட்டார்: "என்ன மாதிரி முயல்? தின்னுதோ?"

முடிந்தது என்று நினைத்தேன்.

"ஓம், தேறி வருகுது" என்றார் அம்மா. "ஆனா புல்லுத்தான் வேணும். வைக்கலை இன்னும் மணந்தும் பாக்கேல்லை."

அப்பாவின் சைக்கிள் போய் மறைந்ததும் அம்மா அரிவாளை எடுத்து வந்து என் கையில் தந்தார். உச்சிக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது. "வளைவுக்கு அங்கால நல்ல புல்லு நிக்கும் பிள்ளை" என்றார்.

"நீங்களும் வாங்கோவன், அம்மா."

அம்மா படலையைத் திறந்துவிட்டு, அதன் இந்தப் பக்கமே நின்றார். "உலை கொதிக்குது. நீ போட்டு வா."

அடுப்பு இன்னும் மூட்டவே இல்லை.