கோமளாவின் அட்டைக் கட்டு

கனகம்மாசத்திரத்தில் எங்கள் பஸ் மூன்று நிமிஷம் நிற்கும். அங்கே சோடாக் கடை வைத்திருக்கும் முனுசாமி தினமும் என்னைப் பார்த்து, "இன்னா கண்டக்டரே, இன்னிக்கும் லேட்டா? வண்டிய நீ தள்ளிகினு வந்தியா?" என்பான். அன்று கடையை விட்டு இறங்கி வந்து, "அண்ணே, பைய டிரைவராண்ட குட்துட்டு எறங்குங்க. மெட்ராஸ்லருந்து போன் வந்துச்சுங்க" என்றான். அவன் 'ங்க' போட்டதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

என் மகள் கோமளா, இருதய ஆபரேஷனுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே போய்விட்டாள்.

அவளோடு எம்.ஈ. கம்ப்யூட்டர் படித்த நீங்கள், நினைவு மலர் போடுகிறோம், அப்பா எழுதட்டும் என்று கேட்டீர்கள். நான் எஸ்.எஸ்.எல்.சி.யை இரண்டு முறை எழுதியவன். இரண்டு முறையும் அது என்னைத் திருப்பி அனுப்பியது. பிழை இருந்தால் கோமளா பார்த்துக்கொள்வாள் என்ற நினைப்பில்தான் பேனாவை எடுத்தேன். பழக்கம் அப்படி.

அவள் என்ன படிக்கிறாள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் "மிஷின் ரிப்பேர்" என்று சொல்லி வைத்திருந்தேன். ஒரு முறை பள்ளிப்பட்டு வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுவிட்டாள்.

"ரிப்பேர் இல்ல நைனா. கலைஞ்சு கெடக்குறத வரிசையில வைக்கிறது, வேணுங்கறத தேடி எடுக்கிறது, நூறு வழியில குறுக்கு வழிய கண்டுபிடிக்கிறது. அதான் பாடம்."

"அட, இத்தனையும் நான் ஃபெயிலாயிட்டே செய்யறனே! எனக்கும் ஒரு பட்டம் வாங்கிக் குடு."

"ஆங், வாங்கலாம். நீ செய்யறது எல்லா நாளும் சரியா வரும்னு காரணத்தோட எழுதிக் காட்டு. செய்யறது பெருசில்ல நைனா, எப்பவும் சரியா வரும்னு காட்டறதுதான் படிப்பு."

நான் விசில் ஊதி வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

ஆடிக் கிருத்திகையன்று நடந்ததை உங்களில் யாருக்கும் அவள் சொல்லவில்லை. நான் சொல்லியாக வேண்டும்.

அவளுடைய கடைசிப் பருவ வேலை முழுவதும் ஒரு பெட்டி அட்டைகளில் இருந்தது. அட்டைக்கு ஒரு வரி. வரியின் எழுத்துகள் ஓட்டைகளாக அடித்திருக்கும், மேலே பொடி எழுத்தில் அச்சாகியும் இருக்கும். அந்த ஓட்டைகளைக் கம்ப்யூட்டர் அட்டை வரிசைப்படியே படிக்கும். சரிபார்க்க வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். அன்று பகலில் கல்லூரி கம்ப்யூட்டரில் அவள் முறை. அடுத்த முறை வர ஒரு வாரம் ஆகும். மறுநாள் ஆஸ்பத்திரியில் சேரவேண்டும்.

திருத்தணி ஸ்டேஷன் முழுக்கக் காவடிக் கூட்டம். மூச்சு வாங்கியவளை ரயிலில் ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு, பிளாட்பாரத்தில் வைத்த அட்டைப் பெட்டியை எடுக்கத் திரும்பினேன். "ரெண்டு கையால புடி நைனா" என்றாள். "இது கண்டக்டர் கைம்மா" என்றேன். ஒரு கையில் பெட்டி, மறு கையில் அவளுக்குக் காபி. படியில் யாரோ இடித்தார்கள். காபியைக் காப்பாற்றினேன்.

அரோகரா சொல்லிக்கொண்டே பக்தர்கள் ஒரு அட்டை விடாமல் பொறுக்கிக் கொடுத்தார்கள். ரயிலுக்குள் வந்தால் அவள் கண்ணயர்ந்திருந்தாள். எழுப்பவில்லை. மெட்ராஸ் போய்ச் சேர்வதற்குள் நானே வரிசைப்படுத்தினேன். எனக்குத் தெரிந்த ஒரே வரிசை, ஏ பி சி டி. ஒரே மாதிரி தொடங்கும் வரிகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, ஓரம் தட்டி, பெருமையாக அவள் மடியில் வைத்தேன்.

மேலே நாலு அட்டையைப் பார்த்தாள். பெட்டியை மூடினாள். "அழகா அடுக்கியிருக்க நைனா. ஆனா இது கதையில இருக்கிற வார்த்தைங்கள அகராதி மாதிரி அடுக்கின கணக்கு. கதை போயிடுச்சு" என்றாள்.

அன்றைய முறை போனது. அடுத்த முறைக்காக ஆஸ்பத்திரியை ஒரு வாரம் தள்ளிப் போட்டாள். உங்களிடம் "புரோகிராம்ல ஒரு தப்பு" என்று சொல்லியிருக்கிறாள். அந்தத் தப்பு நான்தான்.

அந்த வாரம் முழுக்கக் கால் வீங்க உட்கார்ந்து ஒவ்வொரு அட்டையாகச் சேர்த்தாள். முடித்ததும் அட்டைக் கட்டை இறுக்கிப் பிடித்து, மேல் விளிம்பில் மூலைக்கு மூலை நீல மையில் சாய்வாக ஒரு கோடு இழுத்தாள். "இனிமே நீ போட்டாலும் கவலையில்ல. கோடு சேர்ந்தா கதையும் சேர்ந்துடும்."

"மொதல்லயே இழுத்திருக்கக் கூடாதாம்மா?"

"அதான் என் தப்பு" என்றாள். தப்பில் பாதியை அவள் எடுத்துக்கொண்டாள்.

அடுத்த முறையில் அது சரியாக ஓடியது. அவள் கேட்ட விடை வந்தது. அதன் மறுநாள் சேர்த்தோம். ஐந்தாம் நாள் போன் வந்தது.

ஒரு வாரம் முந்தியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரைக் கேட்டேன். "சொல்ல முடியாதுங்க" என்றார். இல்லை என்று சொல்லியிருந்தால் தூங்குவேன். ஆமாம் என்றிருந்தால் அழுது தீர்ப்பேன்.

அந்த அட்டைக் கட்டைக் கல்லூரியில் வைக்கக் கேட்டீர்கள். மன்னியுங்கள், இப்போது தர மனசில்லை. நடுவில் ஓர் அட்டையில், பொறுக்கிக் கொடுத்த யாரோ ஒருவர் கைக் குங்குமம் இருக்கிறது. புதிதாக அடிக்காமல் அதையே சேர்த்திருக்கிறாள். கோடு எங்கும் விலகவில்லை. சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்ததும் அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு வைக்கிறேன்.

ரெண்டு கையால்தான் எடுக்கிறேன், கோமளா.