430945 என்று வந்த தந்தி

எழுபதுகளின் தொடக்கத்தில் தர்மபுரி மாவட்டத்தில் ஒரு தந்தி அலுவலகத்தில், தந்திகளை அனுப்பவும் வாங்கவும் செய்யும் டெலிபிரிண்டர் மெஷினில் ஆபரேட்டராக இருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். தவறு என்னுடையது.

ஒரு நாள் காலை காரிமங்கலத்திலிருந்து ஜைபுன் என்ற பெண் தந்தியோடு வந்தாள். தகரப் பெட்டி செய்யும் ஹனீபா பாயின் மகள். நர்ஸ் பயிற்சிக்கு இன்டர்வியூ போய்வந்திருந்தாள். முந்தின நாள் நான் மெஷினில் வாங்கி அவள் வீட்டுக்கு அனுப்பிய தந்திதான் அது: 'செலக்டட் பேட்ச் 2 430945 14'.

"இந்த நம்பரு என்னங்க சார்?"

எனக்குத் தெரியாது. ஆனால் கவுன்டரில் கூட்டம்.

"ரெஃபரன்ஸ் நம்பரும்மா. ரெண்டாவது பேட்ச்சுல நீ பதினாலாவது ஆளு. லெட்டர் வரும், வூட்டுலயே இரு."

சந்தோஷமாகப் போனாள்.

பத்து நாள் கழித்து ஒரு புளி வியாபாரிக்குத் தந்தி வந்தது. ஒரு எண்ணுக்குப் பிறகு வரி முழுக்க எண்ணும் புள்ளியும் அடைப்புக்குறியுமாக இருந்தது. அனுப்பிய அலுவலகத்தை இன்னொரு முறை அனுப்பச் சொன்னேன். அப்படியே வந்தது. மறுமுனையில் இருந்தவர் புது ஆள். தன் மெஷினில் எழுத்து சரியாகத்தான் விழுகிறது என்று அடித்தார்.

மறுநாள் மெக்கானிக் வந்து பார்த்தார். டெலிபிரிண்டரில் ஒரே சாவிக்கு எழுத்தும் உண்டு, எண்ணும் உண்டு. எண் அடித்த பிறகு 'லெட்டர்' சாவியை அழுத்தினால்தான் மறுபடி எழுத்து விழும்.

"அங்க புதுசா வந்த மெஷின்ல ஸ்பேஸ் அடிச்சாலே தானா எழுத்துக்குத் திரும்பிக்கும்ங்க. அதனால அவரு லெட்டர் சாவியத் தொடறதில்ல. உங்களுது பழசு, திரும்பாது."

அப்போதுதான் ஜைபுன் நினைவுக்கு வந்தாள். ஃபைலில் இருந்த நகலை எடுத்து, மெஷினை எழுத்துக்கு மாற்றி அந்த ஆறு எண்களின் சாவிகளை ஒவ்வொன்றாக அழுத்தினேன். 'ரிப்போர்ட்' என்று விழுந்தது. பதினான்காம் தேதி வந்து சேரச் சொல்லியிருக்கிறார்கள். அன்று பதினேழு.

நடந்ததை எழுதி, பயிற்சிப் பள்ளிக்கு அனுப்ப அனுமதி கேட்டேன். சூப்பர்வைசர் படித்தார்.

"மெஷின் கோளாறுன்னு மட்டும் எழுதுங்க. உங்க பேர எதுக்கு இழுக்கறீங்க?"

"வூட்டுல இருன்னு மெஷின் சொல்லலீங்க சார். நாந்தான் சொன்னேன்."

கையெழுத்துப் போட்டார். பிறகு எனக்கு ஒரு மெமோவும் வந்தது.

அன்று மாலையே பஸ் ஏறிக் காரிமங்கலம் போனேன். நடந்ததைச் சொன்னேன். ஹனீபா பாய் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். ஜைபுன் கதவோரம் நின்றிருந்தாள். அவள் அழவில்லை.

"தெரியலன்னு அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா, நானே நேர்ல போயி கேட்டிருப்பேன் சார்."

பாய், "கடைசி பஸ் போயிருமுங்க" என்று என்னை அனுப்பி வைத்தார்.

இடம் வேறொரு பெண்ணுக்குப் போய்விட்டது. என் கடிதத்தைப் பார்த்து அடுத்த வருடம் ஜைபுனைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த ஒரு வருடம் அவள் வீட்டில் உட்கார்ந்திருந்தது என்னால்தான்.

அதன் பிறகு ஓய்வு பெறும்வரை, எண்ணுக்குப் பின் லெட்டர் சாவியை அழுத்தாமல் நான் ஒரு வரிகூட அனுப்பியதில்லை. அது கைப்பழக்கம், எளிதில் வந்துவிட்டது. புரியாத ஒன்றோடு கவுன்டருக்கு வந்தவரிடம், "எனக்குத் தெரியலீங்க, கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லப் பழகுவதுதான் கடினமாக இருந்தது. இன்று கம்ப்யூட்டர் முன் உட்காருகிறவர்கள் முதலில் அதைப் பழகிக்கொள்ளுங்கள்.