சிறையில் பால் கொடுத்த மகள்

பூந்தமல்லி பஸ்ஸில், பெண்கள் இருக்கையில் என்னருகே இருந்த அக்கா, மடியிலிருந்த தூக்குவாளியை முந்தானையால் மூடிக்கொண்டே வந்தாள். என் புத்தகத்தில் ஒரு பழைய ஐரோப்பிய ஓவியம்: சிறையில் பட்டினி கிடக்கும் தகப்பனுக்கு மகள் தன் மார்பில் பால் கொடுக்கிறாள். பக்கத்தைக் கையால் மறைத்தேன்.

“இன்னாத்துக்கு மூடற கண்ணு? யாரு அந்தக் கெய்வன்?”

“அவளோட அப்பா, அக்கா. பட்டினி போட்டுட்டாங்க. வெட்கத்துல முகத்தைத் திருப்பிக்கிட்டா.”

என் ஆய்வேட்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தேன். மறுநாள் அது தட்டச்சுக்குப் போகவிருந்தது.

“வெக்கமா? சர்தான் போ! காவக்காரன் வரானான்னு பாத்துகினு கீறா.”

குனிந்து பார்த்தேன். வெறும் நிழல் என்று நான் விட்டுவிட்ட மூலையில், கம்பிகளுக்குப் பின்னால், ஒரு காவலாளியின் முகம் இருந்தது.

கரையான்சாவடியில் அவள் இறங்கிவிட்டாள். அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுதினேன். தூக்குவாளியோடு எந்தச் சிறை வாசலில் நின்று அந்த அக்கா அந்தப் பார்வையை அறிந்தாளோ என்று இன்றும் யோசிக்கிறேன்.