பதினான்கு அறிகுறிகள்

யாழ்ப்பாணத்துக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறவே பயந்து மூன்று வாரம் வீட்டில் இருந்தபோதுதான், மானிப்பாயில் அந்த உளச்சிகிச்சையாளரிடம் போனேன். நரைத்த முடியை இறுக்கிக் கொண்டை போட்டவர். முன்பு சத்திரசிகிச்சை விடுதியில் தாதியாக இருந்தவர். வெளியே பஸ் ஹோர்ன் அடித்தால், அந்தச் சத்தம் முழுதாக அடங்கும்வரை கேட்டுவிட்டுத்தான் மறுபடி பேசுவார்.

நான் மென்பொருள் பொறியியலாளர். என் அறிகுறிகளை இலக்கமிட்டு எழுதிக் கொண்டுபோயிருந்தேன், மொத்தம் பதினான்கு. பொறுமையாக வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார்.

“உதிலை இப்ப, இந்த நிமிசம், எது இருக்குது பிள்ளை?”

மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நெஞ்சு படபடக்கவில்லை. மூச்சு முட்டவில்லை.

“ஒன்பதாவது மட்டும். உள்ளங்கை வேர்க்குது.”

“பதினாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தனீர், ஒராள்தான் உள்ளுக்கு வந்திருக்கிறார்,” என்று சிரித்தார். “அப்ப அவரை மட்டும் கவனிப்பம். துடைக்காதேயும்.”

அந்த ஈரத்தையும் குளிர்ச்சியையும் கவனித்தேன். கொஞ்ச நேரத்தில் கை தானாகக் காய்ந்தது.

பயம் போய்விடும் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. அந்த நேர்மைக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். சில வாரங்களின் பின் ஒரு திங்கட்கிழமை, பயத்தோடுதான், பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன். அவருக்குச் செய்தி அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

“சந்தோசம் பிள்ளை. பின்னேரம் திரும்பேக்கையும் பயம் வரும். பக்கத்திலை இருத்திக்கொண்டு வாரும்.”