பாலத்தோடு பங்கு போன நாள்

என் கணவர் வரலாற்று ஆசிரியர். காலைத் தேத்தண்ணீர் ஆறுவதற்குள், அன்றைய திகதியில் உலகத்தில் என்னென்ன நடந்தது என்று எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார். போர், பூகம்பம், முடிசூட்டல் எதுவும் தப்பாது. ஒக்டோபர் இருபதில் மட்டும் வருடா வருடம் ஒன்று தப்பும். அது எங்கள் கல்யாண நாள்.

பதினைந்தாவது வருடமாவது எழுதுவாரா என்று பார்த்திருந்தேன். வாய்விட்டு ஞாபகப்படுத்த மாட்டேன். எனக்கும் ரோசம் இருக்கிறது. குழுவில் என் தங்கைகளும் சிரிக்கத் தயாராகக் காத்திருந்தார்கள்.

வந்தது. சிட்னியில் ஒபரா மண்டபம் திறந்தது. அமெரிக்க ஜனாதிபதி ஒருவரின் விதவை கிரேக்கக் கப்பல் முதலாளியை மறுமணம் செய்தது. கிண்ணியாப் பாலம் திறந்தது. அவ்வளவுதான். கடல் கடந்து எவளோ கல்யாணம் முடித்தது தெரிகிறது, நான் முடித்தது தெரியவில்லை!

"ராத்தா, மச்சான் பாலத்த மறக்கல்ல, ஒங்களத்தான் மறந்திட்டாரு" என்று கடைசித் தங்கை எழுதினாள்.

அந்தப் பாலத்தின் மேல் எனக்குப் பழைய கோபம் ஒன்று உண்டு. அதுவரை, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில்தான் துறையைக் கடப்போம். பாலம் திறந்த அன்றே, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டார் அக்கரையிலிருந்து வர வேண்டும். ஊரே பாலம் பார்க்கத் திரண்டதில் வேன் நகரவில்லை. வேனுக்குள் மாப்பிள்ளையைக் காணவில்லை என்று தொலைபேசி வந்தது. நானோ மணப்பெண்ணாக உட்கார்ந்திருக்கிறேன். மனம் மாறி ஓடிவிட்டாரோ என்று அழுதே விட்டேன். மனிதர் கல்யாண உடுப்போடு நடுப்பாலத்தில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். முதல் நாளே நடந்து கடக்க வேண்டுமாம். பொழுது சாய்ந்து மஃரிபுக்குத்தான் வந்து சேர்ந்தார்.

பழையதும் புதியதுமாகக் கோபம் தலைக்கேற, கைபேசியை அவர் முன்னால் வைத்தேன்.

"இதில என்ன கொறயிது எண்டு பாருங்க."

பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"முடிஞ்சு போனதத்தான் புள்ள வரலாறெண்டு போடுற. நம்மட இன்னும் முடியல்லயே."

மறந்துதான் போயிருந்தார். பதினைந்து வருடமாகப் பார்க்கும் முகம், எனக்குத் தெரியாதா? ஆனாலும் அவர் இதுவரை சொன்ன பொய்களில் அதைப் போல் அழகானது வேறில்லை. அப்படியே எழுதிக் குழுவில் போட்டேன். இனித் தங்கைகள் சிரிக்கட்டும் பார்க்கலாம்!